சிவப்பு வண்டி சொட்டிய குளிர்காலம்

டில்லி கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், ஜனவரி மாதத்து மதிய வெயிலில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு காரின் அடிப்பக்கம். முதுகுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய படுக்கை விரிப்பு. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, டார்ச் அடித்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர் டேனியல்.

காலனிப் பெண்கள் பால் வாங்கப் போகிற சாக்கில் நின்று பார்த்தார்கள். காய்கறி வண்டிக்காரர் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார். வெள்ளை யூனிஃபார்மில் பஸ் பிடிக்க ஓடுகிற நர்ஸ் சிஸ்டரை அவர்கள் தினமும் பார்த்தவர்கள்தான். தலையில் துண்டு கட்டிக்கொண்டு காருக்கு அடியில் கிடக்கிற சிஸ்டர் புதிது.

என் கண்ணுக்கு நேரே ஒரு சொட்டு திரண்டது. கறுப்பாகப் பருத்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் என் காதுக்குப் பக்கத்தில் விரிப்பின் மேல் விழுந்தது. சுட்ட எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

"வித்துப்போடுவோம், கிரேஸ்" என்றார் அவர்.

"டார்ச்ச நேரா பிடிங்க" என்றேன் நான்.

இரண்டு சீட்டு

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பாளையங்கோட்டைக்காரர். நானும் அந்தப் பக்கம்தான். சின்ன வயதில் வந்த போலியோவில் அவருடைய இடது கால் சூம்பிப்போனது. பக்கத்துக்கு ஒரு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில்தான் ஆபீசுக்குப் போவார், வருவார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கார் வாங்கியிருக்கிறேன் என்றார். சரி, நல்ல காரியம், கோயிலுக்குப் போக வர உதவும் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். விற்றவர் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார். சிவப்பு நிறம். கூரை கிடையாது, மடக்குகிற துணிதான். உட்கார்ந்தால் தார் ரோட்டைக் கையால் தொடலாம். இருப்பது இரண்டே சீட்டு. தூதரகத்தில் வேலை பார்த்த யாரோ ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போய், பிறகு இரண்டு கை மாறி வந்த பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார்.

 நாங்கள் வீட்டில் மூன்று பேர். மகள் என் பின்னால் நின்று, "மம்மி, நான் எங்க பைட்டணும்?" என்று கேட்டாள். எங்கே உட்காரணும் என்பதைத்தான் பாதி இந்தியில் கேட்கிறாள். டில்லியில் பிறந்த பிள்ளை, அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று. அந்த வண்டியில் கிளட்ச் இடது காலுக்கு. அவருடைய இடது காலால் அதை மிதிக்க முடியாது. தன்னால் ஓட்டவே முடியாத காரை ஒரு மனிதன் எதற்கு வாங்குவான்? வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்" என்றார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அதற்குப் பிறகுதான் காரணத்தைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், டில்லிக்கு வந்த புதிதில், ஒரு குளிர்கால ஞாயிறு இந்தியா கேட் பக்கம் போயிருக்கிறார். பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்து ஒரு கிளப் ராலி நடத்தியது. டிரைவர் ஒருவர், வழி சொல்ல ஒருவர் என்று வண்டிக்கு இரண்டு பேர். கொடி அசைத்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கூட்டம் உள்ளே வராமல் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வண்டி போகும்வரை நின்றாராம்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் போனார். என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, இவர் எதை இப்படிப் பார்க்கிறார் என்று நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவையாவது அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்ற ஆசை அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. வாய்விட்டு எதையும் கேட்டுப் பழகாத மனிதர்.

தெரிந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் பாவம், நான் அவரைத் திட்டியதில் வேலையை விட்டுப் போகாதது அவருடைய பெருந்தன்மை. லைசென்ஸ் வாங்கி, அந்தச் சிவப்பு வண்டியில் காலை டியூட்டிக்குப் போக ஆரம்பித்தேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பஸ்ஸில் இருப்பவர்கள் மேலேயிருந்து என் தலையைப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த பிப்ரவரி ராலிக்குப் பெயர் கொடுத்தோம். டிரைவர் நான், வழி சொல்பவர் அவர். இடம் கிடைத்தது. அப்போதுதான் வண்டி சொட்டுவது பெரிதானது.

ராலியில் ஒரு விதி உண்டு. முந்தின நாள் எல்லா வண்டிகளையும் பரிசோதிப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு, அடியில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரிப்பார்கள். தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். சூடான குழாயில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். பின்னால் வருகிற வண்டி வழுக்கும். விதியில் தப்பே இல்லை. எங்கள் வண்டி தாளைக் கறுப்பாக்கிவிடும் நிலையில் இருந்தது என்பதுதான் பிரச்சினை.

"எஞ்சின் உத்ரேகா"

எங்கள் மெக்கானிக் பிரீதம் சிங். பழைய சீமை வண்டிகளில் கை தேர்ந்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டுகிறது, எண்ணெய் கசியாமல் தடுக்கிற பின் சீல் போய்விட்டது என்றார்.

"எஞ்சின் உத்ரேகா, சிஸ்டர்ஜி."

எஞ்சினை இறக்கவேண்டும். சீல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ராலிக்குள் முடியாது. இவ்வளவு பழைய எஞ்சினை இறக்கினால் ஏற்றும்போது முன்னைப் போலவே இருக்கும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். இன்னும் இரண்டு இடத்தில் காட்டினோம். அங்கேயும் அதேதான் சொன்னார்கள். சொட்டுகிற இடத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே மனதளவில் வண்டியை விற்றுவிட்டார். எனக்குத் தெரியாமல் கரோல் பாகிலிருந்து பழைய கார் வாங்கி விற்கிற ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் வாசலில் வந்து நின்றபோது, இங்கே விற்பதற்கு ஒன்றும் இல்லை, அண்ணே, என்று டீ கொடுத்து அனுப்பினேன். உள்ளே வந்தால் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்காகக் கெடந்து கஷ்டப்படாத. நமக்கு இதெல்லாம் வேண்டாம், விடு" என்றார்.

அந்த 'விடு' என்ற சொல்தான் எனக்கு ஆகாது. இத்தனை வருஷம் சர்ஜிகல் வார்டில் இருந்தவள் நான். எங்கேயிருந்து கசிகிறது என்று தெரியாமல் யாரும் யாரையும் கைகழுவி விட்டதில்லை. விழுகிற இடம் வேறு, புறப்படுகிற இடம் வேறு. முதலில் சுத்தமாகத் துடைக்கவேண்டும், பிறகு பார்க்கவேண்டும். அதுவரை யார் என்ன சொன்னாலும் அது யூகம்தான்.

ஊருக்குப் போகும் முன்னால்

நோயாளியிடம் முதலில் கேட்பது, எப்போதிலிருந்து என்று. நானும் அப்படியே யோசித்தேன். வண்டி எப்போதிலிருந்து சொட்டுகிறது? மழைக்காலத்திலிருந்து. அதற்கு முன்னால் நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். ஊரிலிருந்து வந்த பிறகுதான் தரையில் முதல் கறையைப் பார்த்த ஞாபகம்.

ஊருக்குப் போவது என்றால் டில்லி குவார்ட்டர்ஸ்வாசிகளுக்குப் புரியும். அரசாங்கம் ரயில் செலவு தருகிற லீவு டிராவல் கன்சஷன் கிடைக்கிற வருஷம் மே மாதம் ரயிலேறினால் ஜூனில்தான் திரும்புவோம். இடையில் ஆந்தி அடிக்கும். ராஜஸ்தான் மண் முழுக்க மேலே கிளம்பி வந்து நம் வீட்டுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு புழுதிக்காற்று. திரும்பி வந்து கதவைத் திறந்தால் கட்டிலில் பெயர் எழுதலாம். அதனால் கிளம்புவதற்கு முன்னால் வீட்டை அடைப்பது ஒரு பெரிய சடங்கு. கூலருக்கும் ஜன்னலுக்கும் நடுவில், கதவுக்குக் கீழே, எக்சாஸ்ட் ஃபேன் துவாரத்தில், வாஷ் பேசின் ஓட்டையில்கூடப் பழைய துணியைக் கிழித்துச் செருகுவோம்.

எங்கள் வீட்டில் அந்த வேலை அவருடையது. ஓரம் நைந்த வேட்டிகளை இதற்கென்றே சேர்த்து வைத்திருப்பார். பட்டை பட்டையாகக் கிழித்து, ஆபீஸ் ஃபைல் கட்டுகிற பொறுமையோடு ஒவ்வொரு ஓட்டையாக அடைப்பார். போன வாரத் தொடரில் நான் எழுதியிருந்த பக்கத்து வீட்டு வரதராஜன் சார், வீட்டுக்குக் கட்டுப்போட்டிருக்கிறாயா டேனியல் என்று கிண்டல் செய்வார். ஊரில் இருக்கும்போதும் இவருக்கு நினைப்பெல்லாம் சிவப்பு வண்டியின் மேல்தான். பேப்பரில் டில்லியில் புழுதிக்காற்று என்று வந்தால் அன்று ராத்திரி சோறு இறங்காது.

கையுறைப் பவுடர்

இனி அந்த ஜனவரி மதியத்துக்கு வருகிறேன்.

மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து எஞ்சின் முழுவதையும் தேய்த்துக் கழுவினேன். வெயிலில் காயவிட்டேன். அந்த நாளில் ஆபரேஷன் தியேட்டரில் ரப்பர் கையுறைகளைத் தூக்கிப் போடமாட்டோம். கழுவி, உலர்த்தி, வெள்ளைப் பவுடர் போட்டு, மடித்து, மறுபடியும் ஸ்டெரிலைஸ் செய்வோம். அந்தப் பவுடரில் ஈரம் பட்டால் துளி இடம்கூடப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தண்ணீர் நிரப்பிய கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் அப்படித்தான் கண்டுபிடிப்போம். தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டு ஒரு டப்பா வாங்கி வந்திருந்தேன். எஞ்சினுக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் அதைத் தூவினேன். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்த மாதிரி இருந்தது.

எஞ்சினை ஓடவிட வேண்டும். நியூட்ரலில் கிளட்ச் வேண்டாம், ஆக்சிலேட்டர் போதும். அதற்கு வலது கால் போதும். அவருடைய வலது காலுக்கு ஒரு குறையும் இல்லை.

"நீங்க ஏறி உக்காந்து மிதிங்க" என்றேன்.

டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்தார். எஞ்சின் உறுமியது. அவர் முகத்தில் தெரிந்ததை நான் பார்த்தேன். இந்த வண்டியை விற்பதில்லை என்பது அந்த நிமிஷம் எனக்குள் முடிவாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பவுடர் நனைய ஆரம்பித்தது. பின்னால், பிரீதம் சிங் சொன்ன இடத்தில். சரி என்று பார்த்தால், முன்பக்கத்திலும் நனைந்தது. மேல் மூடியைச் சுற்றி நனைந்தது. பக்கவாட்டுத் தகட்டின் ஓரத்தில் நனைந்தது. எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியின் வாயில்கூட எண்ணெய் கொப்பளித்தது.

அவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "எல்லாமே போச்சு" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சீல் போகும், இரண்டு போகும். எல்லாம் ஒரே நேரத்தில் எப்படிப் போகும்? அந்தக் கம்பியைக் கவனித்தேன். உள்ளே நன்றாக அழுத்தி வைத்தது, விரல் அகலத்துக்கு மேலே எழும்பி நின்றது. யாரும் தொடவில்லை. எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து புஸ்ஸென்று காற்று கிளம்பி முகத்தில் அடித்தது.

எங்கள் வார்டில் இது தினப்படி விஷயம். ஆபரேஷன் முடிந்தவருக்கு உள்ளேயிருந்து நீர் வடிய ஒரு குழாய் வைத்திருப்பார்கள். திடீரென்று தையலைச் சுற்றிக் கட்டெல்லாம் நனைந்தால் புதுசாக வந்த நர்ஸ் பதறித் தையலைப் பார்ப்பாள். பழகினவள் முதலில் குழாயைத்தான் பார்ப்பாள். குழாய் அடைத்திருக்கும். போக வழியில்லாதது கிடைத்த இடத்தில் எல்லாம் கசியும்.

பி.சி.ஓ.வுக்கு ஓடி பிரீதம் சிங்குக்குப் போன் போட்டேன். எஞ்சினுக்கு மூச்சு விடுகிற குழாய் என்று ஏதாவது உண்டா என்று கேட்டேன்.  பக்கவாட்டில் ஒரு ரப்பர் குழாய் வளைந்து கீழே தொங்கும், கழற்றி ஊதிப் பாருங்கள் என்றார். இதை முதலிலேயே பார்த்திருக்கவேண்டும் என்று அவரே சொன்னார்.

பச்சைக் கரை

குழாயைக் கழற்றினேன். துடைத்துவிட்டு ஊதினேன். கன்னம் வலித்ததே தவிரக் காற்று போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வளைவில் ஏதோ கறுப்பாக அடைத்திருந்தது. என் பையிலிருந்த ஃபோர்செப்ஸை விட்டுப் பிடித்து இழுத்தேன். வர மறுத்தது. விடாமல் திருகித் திருகி இழுத்தேன்.

வந்தது ஒரு துணி. எண்ணெயில் ஊறித் தார் மாதிரி ஆகியிருந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசி முனையில் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சம் இருந்தது, பச்சைக் கரை.

பச்சைக் கரை வேட்டி எங்கள் வீட்டில் யார் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனை மெக்கானிக், எத்தனை அலைச்சல், வாசல் வரை வந்த கரோல் பாக் ஆள் வேறு. திட்டுவதற்கு வாயைத் திறந்து திரும்பினேன்.

அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த டார்ச் எரிந்துகொண்டே தரையைப் பார்த்துத் தொங்கியது.

"நாந்தான். ஊருக்குப் போறதுக்கு முந்தி எல்லாத்தையும் அடைச்சேன். சைலன்சர்ல வச்சத எடுத்துட்டேன். கார்பரேட்டர்ல வச்சதயும் எடுத்துட்டேன். இது உள்ள போயிருக்கு, கண்ணுல படல." துணியை என் கையிலிருந்து வாங்கினார். "வண்டிக்குள்ள புழுதி போயிரக் கூடாதேன்னு பாத்தேன், கிரேஸ்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. பவுடரும் மண்ணெண்ணெயுமாகத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். இந்த வண்டிமேல் அவருக்கு இருந்த ஆசைதான் இத்தனை மாதம் அதன் மூச்சை அடைத்து வைத்திருந்தது. காய்கறி வண்டிக்காரரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். கடைசியில் இவரும் சிரித்தார்.

வெள்ளைத் தாள்

பிரீதம் சிங் மறுநாளே வந்தார். இவ்வளவு நாள் அழுத்தத்தில் பிதுங்கிப்போன மேல் மூடியின் கார்க் பேக்கிங்கையும் முன்பக்கத்து பேக்கிங்கையும் மாற்றினார். பின் சீலைத் தொடவே இல்லை. குழாயைத் தானே இரண்டு முறை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து வண்டிக்கு அடியில் ஒரு விரிப்பைப் போட்டோம். அதை மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். நான்காக மடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து, டீயோடு உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஆனாலும் பரிசோதனை நாளில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மைதானத்தில் எஞ்சினை ஓடவிட்டுத் தாளை விரித்ததும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். சோதித்த இளைஞர் டிரைவர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். என்னைப் பார்த்தார், கைத்தடியோடு நின்ற இவரைப் பார்த்தார், ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். பக்கத்து வண்டியின் தாளில் டப்பென்று ஒரு சொட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எங்கள் தாளை இளைஞர் உருவி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அச்சா, டீக் ஹை" என்றார்.

"என்னங்க, திரும்பிப் பாருங்க" என்றேன். தாளைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. ஓரிடத்தில் வழி தவறி, ஒரு எருமைக் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கடைசியில் வந்தவர்களோடு வந்து சேர்ந்தோம். எனக்கு அதெல்லாம் ஞாபகத்தில் நிற்கவில்லை. கிளம்பிய நேரம்தான் நிற்கிறது.

மூடுபனி விலகாத ஞாயிறு காலை. கூரையை மடக்கி வைத்திருந்தோம். இரண்டு பக்கமும் கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மஃப்ளர் சுற்றிய ஜனங்கள். வேர்க்கடலை வறுக்கிற வாசனை. இவர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, வழிக்குறிப்புத் தாள்களை மடியில் வைத்து, பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் தான் நின்ற இடத்தைக் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

கொடி இறங்கியது. வண்டியை எடுத்தேன். கயிறு இரண்டு பக்கமும் பின்னால் ஓடியது. ஜனங்கள் கை தட்டினார்கள். நான் அவரைப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது, துடைக்கக்கூட இல்லை. ஆபீசில் டிக்டேஷன் கொடுக்கிற அதே குரலில் சொன்னார்:

"ஏட்டி, என்ன என்னையே பாத்துக்கிட்டு? ரோட்டப் பாத்து ஓட்டு. ரவுண்டானாவுல இடது."

எனக்கும் கண் மறைத்தது. இருந்தாலும் இடது பக்கம் சரியாகத்தான் திரும்பினேன்.